மூன்றாவது கிளாஸ்: கல்லடியில் பெயர் மறைத்து வைன் சுவைத்த ஒரு மாலை

பின்னணி

மட்டக்களப்பில் மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தம் முடிந்து ஒன்பதாம் நாள், கல்லடியில் ஒரு நண்பரின் வீட்டில் இது நடந்தது. தீர்த்தம் முடியும்வரை எங்கள் வட்டத்தில் யாரும் மச்சம் மாமிசம் தொடுவதில்லை, குடி பற்றிய பேச்சும் எழாது. வெளிநாட்டில் இருப்பவர்களும் அந்த நாட்களைப் பார்த்துத்தான் லீவு போட்டு வருவார்கள். அப்படி இருபது வருடத்துக்குப் பிறகு சுவிஸிலிருந்து மனைவியோடு வந்த ஒரு பழைய வகுப்புத் தோழர்தான் இந்த யோசனையைக் கொண்டுவந்தார். அங்கே அவர் வேலை செய்யும் இடத்தில், போத்தலை மறைத்து வைத்து வைனைச் சுவைத்து, யாருக்கு எது பிடிக்கிறது என்று பார்ப்பார்களாம். "பேர் தெரியாமக் குடிச்சாத்தான் மச்சான் உண்மை தெரியும்" என்றார். எனக்கு அந்த வார்த்தை பிடித்துப்போய்விட்டது. ஊற்றும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன்.

சுவைத்தவர்கள் ஏழு பேர்: சுவிஸ் நண்பர், அவருடைய மனைவி, வீட்டுக்கார நண்பர், தாதியாக வேலை செய்யும் அவருடைய மனைவி, ஒரு பொறியியலாளர், ஒரு ஆசிரியர், பிறகு நாங்கள் எல்லாரும் அண்ணன் என்று கூப்பிடும் ஒருவர். அண்ணன் வளைகுடா நாடொன்றில் ஹோட்டல் சாப்பாட்டு மண்டபத்தில் பல வருடம் வேலை பார்த்தவர், ஆயிரக்கணக்கான வைன் போத்தல்களைத் திறந்தவர். ஏழு பேரில் வைன் பற்றி உண்மையாகவே தெரிந்தவர் அவர்தான். சுவிஸ் நண்பர் குடித்துப் பழகியவரே தவிர, படித்தவர் இல்லை. மற்றவர்களுக்கு வைன் என்பது கலியாண வீட்டில் ஒருதடவை வாயில் வைத்த சாமான்.

ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். குடி எங்கள் மாவட்டத்தில் எத்தனை வீட்டு அடுப்பை அணைத்திருக்கிறது என்பதை அறியாமல் இதை எழுதவில்லை, கசிப்பு என்ற கள்ளச் சாராயத்தில் போன இரண்டு பேரின் பாடையை நானே தூக்கியிருக்கிறேன். அதனால் ஆரம்பத்திலேயே மூன்று விஷயத்தைப் பேசி வைத்தோம். சாப்பிட்டுவிட்டு வருவது, சுவைத்துவிட்டுத் துப்புவது, வீட்டுக்குப் போக ஓட்டோ ஏற்பாடு செய்வது, மோட்டார் சைக்கிள் சாவி வீட்டுக்காரரிடம். விருப்பமில்லாதவர்களை வற்புறுத்தக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொண்டோம். காத்தான்குடி முஸ்லிம் நண்பர் ஒருவருக்கு இது பொருந்தாது என்று தெரிந்ததால் அவரை இதற்குக் கூப்பிடவில்லை. அவரை வேறொரு நாளைக்குக் கூப்பிட்டோம், அதைப் பற்றிக் கீழே வருகிறது.

ஆயத்தம்

போத்தல் ஐந்து, கிளாஸ் ஆறு. முதலாவது சுவிஸின் சாஸ்லா, வெள்ளை. ஜெனீவா ஏரிக்கரைச் சரிவில் படிக்கட்டுப் படிக்கட்டாக இருக்கும் லாவோ திராட்சைத் தோட்டங்களில் வளர்வது. அந்தத் தோட்டங்களை 2007-இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. இரண்டாவது நியூசிலாந்துச் சாவின்யோன் பிளாங். மூன்றாவது பிரான்ஸின் போர்டோச் சிவப்பு, ஐந்திலும் விலைகூடியது, வீட்டுக்காரருக்கு அன்பளிப்பாகச் சுவிஸ் நண்பர் கொண்டுவந்தது. நாலாவது சிலியின் கர்மனேர். ஐந்தாவது ஆஸ்திரேலிய ஷிராஸ். ஆறாவது கிளாஸில் மறுபடியும் அதே கர்மனேர். ஒரே வைன் இரண்டுதரம் வரலாம் என்று மட்டும் எல்லாரிடமும் முன்கூட்டியே சொன்னேன், எது என்று சொல்லவில்லை. 750 மில்லிலீற்றர் போத்தலில் ஆளுக்கு 50 மில்லிலீற்றர் ஊற்றினால் ஏழு பேருக்கு 350, இரண்டு தடவைக்கு 700. கர்மனேர் ஒரு போத்தலே போதுமாக இருந்தது.

இதில் சிலி வைனைச் சேர்த்ததற்கு ஒரு காரணம் உண்டு. சிலியில் பல பத்தாண்டுகளாக மெர்லோ என்ற திராட்சை வகை என்று நம்பி வளர்த்து, மெர்லோ என்றே பெயர் ஒட்டி விற்ற கொடிகளில் பெரும்பகுதி கர்மனேர் என்ற வேறு வகை என்பது 1994-இல் தான் தெரியவந்தது. வளர்த்தவனுக்கே தெரியாமல் பெயர் மாறி இருந்த பழம். பெயரை மறைக்கும் மாலைக்கு அதைவிடப் பொருத்தமான விருந்தாளி கிடையாது என்று நினைத்தேன்.

ஆயத்தத்தில் நாங்கள் எதிர்பாராத சிக்கல்கள் வீட்டுக்குள் இருந்தே வந்தன. வைன் கிளாஸ் யாரிடமும் இல்லை, 42 கிளாஸ் தேவை, நாலு வீட்டில் கேட்டுச் சேர்த்தோம். ஒரு வீட்டுக் கிளாஸில் அலுமாரி நப்தலீன் மணம். எல்லாவற்றையும் சவர்க்காரம் போடாமல் சுடுதண்ணீரில் இரண்டு தரம் அலசி வெயிலில் கவிழ்த்து வைத்தோம். அப்புறம், வீட்டுக்காரரின் அம்மா பொழுதுபட விளக்கேற்றிச் சாம்பிராணி போடுவார். அதை நிறுத்தச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை, சொல்லவும் கூடாது. எனவே விறாந்தையில் வைக்க நினைத்ததை முற்றத்து மாமரத்தடிக்கு மாற்றினோம். வாவிப் பக்கத்துக் காற்று அங்கே நன்றாக வரும்.

துப்புவதுதான் பெரிய பிரச்சினையாக இருந்தது. வைன் சுவைக்கும் இடங்களில் நடுவில் ஒரு வாளி வைத்து எல்லாரும் அதில் துப்புவார்கள் என்று சுவிஸ் நண்பர் சொன்னபோது முகங்கள் சுளித்தன. எச்சில் என்ற சொல்லுக்கு எங்களிடம் இருக்கும் பாரம் அவருக்கும் தெரியும், ஆனால் இருபது வருடத்தில் மறந்திருந்தார். அதோடு அண்ணனுக்கு முன்னால் துப்ப இளையவர்கள் தயங்கினார்கள். வீட்டுக்காரரின் அம்மா இதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போய், தன்னுடைய தாயார் காலத்துப் பித்தளைப் படிக்கத்தைப் புளி போட்டு விளக்கிக் கொண்டுவந்து அண்ணனுக்கு முன்னால் வைத்தார். வெற்றிலைக்கு இருந்த ஏற்பாடு. மற்ற ஆறு பேருக்கும் ஆளுக்கொரு தகரப் பேணி, பாதி மணல் நிரப்பி. அதற்குப் பிறகு யாருக்கும் கூச்சம் இருக்கவில்லை.

மாலை ஆறரை: முதல் இரண்டு கிளாஸ்

நான் குசினியில் ஊற்றி, இலக்கம் ஒட்டிய கிளாஸ்களைத் தட்டில் வைத்துக் கொண்டுவருவேன். போத்தலை யாரும் பார்க்கவில்லை. போத்தலின் தோள் அமைப்பைப் பார்த்தே போர்டோ என்று கண்டுபிடிக்கலாம் என்பதால் துணி சுற்றி வைப்பதுகூட வேண்டாம், போத்தல் வெளியே வரவே கூடாது என்று முடிவெடுத்திருந்தேன். ஒவ்வொருவரிடமும் ஒரு தாள், ஒரு பேனை. மணம் என்ன, வாயில் என்ன, பத்துக்கு எத்தனை புள்ளி, இவ்வளவுதான் எழுத வேண்டும்.

வெள்ளை இரண்டையும் ஐஸ் போட்ட றெஜிபோம் பெட்டியில் வைத்திருந்தோம். பெட்டி புதிது, மீன் வைத்த பெட்டி இல்லை. சிவப்பு மூன்றையும் "அறை வெப்பநிலை" என்று எங்கேயோ படித்ததை நம்பி அலுமாரிக்கு மேலே வைத்திருந்தேன். சுவிஸ் நண்பரின் மனைவியுடைய சமையல் வெப்பமானியை வாங்கிப் போத்தலில் பிடித்துப் பார்த்தேன்: 31 பாகை. அந்தச் சொல் ஐரோப்பாவின் குளிர் வீடுகளில் பிறந்த சொல், அங்கே அது 16, 18 பாகையைத்தான் குறிக்கும். கச்சான் காற்று அடிக்கும் ஆவணியில் எங்கள் அறையின் வெப்பநிலை வேறு. இந்தச் சூட்டில் ஊற்றினால் சாராய வாடைதான் முன்னுக்கு வரும், பழ மணம் பின்னால் போய்விடும். உடனே மூன்றையும் ஐஸ் தண்ணீரில் இறக்கினேன். கால் மணித்தியாலத்தில் 18-க்குக் கிட்ட வந்தது.

முதல் கிளாஸ் போனது. எல்லாரும் மூக்கை வைத்துப் பார்த்தார்கள். அண்ணன்தான் முதலில் பேசினார், "அப்பிள் மணம் அடிக்குது, மெல்லிசான வைன், சாப்பாட்டோட குடிக்கிற சாமான்". அது சரியான கணிப்பு, சாஸ்லா அப்படித்தான். ஆறு தாளில் அப்பிள் என்று இருந்தது. இரண்டாவது கிளாஸுக்கு அவர் முகம் மாறியது. "புளிப்பு கூட. தேசிக்காய். மலிவுச் சாமானாக்கும்." எல்லாரும் தலையாட்டினார்கள், எழுதினார்கள். தாதியாரின் பேனை ஏதோ எழுதி, நின்று, எழுதியதை வெட்டி, மறுபடி எழுதுவதை நான் தட்டோடு நின்று பார்த்தேன். அப்போது அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

மூன்றாவது கிளாஸ்

ஐந்து போத்தலில் போர்டோ ஒன்றுக்குத்தான் தக்கை மூடி, மற்றவை திருகு மூடி. குசினி ஜன்னல் முற்றத்துப் பக்கம் திறக்கும். நான் தக்கையை இழுத்தபோது 'டப்' என்று சத்தம் கேட்டது, முற்றத்தில் பேச்சு ஒரு கணம் நின்றது. போத்தலை மறைக்க அவ்வளவு பாடுபட்ட நான் சத்தத்தை மறந்துவிட்டேன்.

கிளாஸ் போனதும் அண்ணன் நீண்ட நேரம் மணந்தார். "இது பழசு. மண் மணம் வருது பாருங்க, மழைக்குப் பொறகு வாற மண். பிரெஞ்சு வைன், இதுதான் இண்டைக்கு விலைகூடினது." சுவிஸ் நண்பரின் முகத்தில் சந்தோஷம், தான் கொண்டுவந்ததை அண்ணன் கண்டுபிடித்துவிட்டார் என்று. எல்லாரும் மண் மணத்தைத் தேடினார்கள், கண்டுபிடித்தார்கள். ஏழு பேரில் ஒருவரும் ஏழு புள்ளிக்குக் கீழே போடவில்லை, இரண்டு பேர் ஒன்பது.

தாதியார் மறுபடியும் வெட்டினார். இந்தத் தடவை நான் அவருக்குப் பின்னால் நின்றேன். "நனைந்த சாக்கு" என்று எழுதியிருந்தார். அதன்மேல் ஒரு கோடு, இரண்டாவது கோடு. பக்கத்தில் "மண் மணம், நல்லது, 7".

நான் குசினியில் நிற்கவில்லை, போத்தலையும் தக்கையையும் எடுத்துக்கொண்டு வேலிப் பக்கம் போனேன். குசினியில் மீன் பொரியல் மணமும் உள்வீட்டுச் சாம்பிராணியும் கலந்திருந்தன, திறந்தபோது எனக்கு ஒன்றும் பிடிபடாததற்கு அதுதான் காரணம். வெளிக்காற்றில் போத்தல் வாயை மணந்தேன். சாக்குத்தான். மாரியில் வெள்ளம் ஏறி நெல்லுச் சாக்கு நனைந்து, காயாமல் மூலையில் கிடந்தால் வருமே, அந்தப் பூஞ்சண மணம். தக்கையை மணந்தேன், அதிலும் அதுவே. பழத்தின் மணம் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

இது வைன் உலகத்தில் நன்றாகத் தெரிந்த ஒரு பழுது. தக்கையில் வாழும் பூஞ்சணம் குளோரின் சேர்ந்த சில பொருட்களை டிரைகுளோரோஅனிசோல் என்ற வேதிப்பொருளாக மாற்றுகிறது. வைனில் இந்த மணத்துக்கு அதுதான் காரணம் என்று 1981-இல் சுவிட்சர்லாந்தில்தான் கண்டுபிடித்தார்கள். ஒரு லீற்றரில் ஒரு கிராமின் நூறுகோடியில் சில பங்கு இருந்தாலே மூக்குக்குப் பிடிபடும். உடம்புக்குத் தீங்கில்லை. ஆனால் அது தன் மணத்தைச் சேர்ப்பதோடு நிற்காமல் பழ மணத்தையும் அமுக்கிவிடும். குறைந்த அளவில் இருந்தால் பழகாதவர்கள் "பழுது" என்று சொல்லமாட்டார்கள், "பெரிதாக ஒன்றுமில்லை" என்றோ, யாராவது முன்னுக்குச் சொன்னால் "மண் மணம்" என்றோ எடுத்துக்கொள்வார்கள்.

எடுத்த முடிவும் காரணமும்

வேலியடியில் நின்று யோசித்தேன். அங்கேயே வந்து "இது பழுதான வைன்" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் இரண்டு பேர் குனிவார்கள்: சபையில் அதைப் புகழ்ந்த அண்ணன், அன்பளிப்பாகக் கொண்டுவந்த நண்பர். அதைவிட முக்கியம், அப்போது நானும் அண்ணன் செய்ததையே செய்திருப்பேன், என்னுடைய ஒரு வார்த்தையால் ஏழு மூக்கையும் இழுத்திருப்பேன். ஒன்றும் சொல்லாமல் விடுவதும் சரியாகப் படவில்லை, மீதி மூன்று கிளாஸும் அதே மாதிரிப் போயிருக்கும்.

பழுது தக்கையில் மட்டும் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. போத்தலின் பெயரை மறைத்துவிட்டு, சபையின் மூத்த குரலைத் திறந்து விட்டிருந்தோம். அந்தக் குரல்தான் அன்றைய லேபல். சொலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950-களில் அமெரிக்காவில் செய்த பரிசோதனை நினைவுக்கு வந்தது. கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் மிக இலேசான கேள்வி. முன்னுக்கு இருப்பவர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் பிழையான விடையைச் சொல்ல, கடைசிக்குக் கிட்ட இருப்பவர் தன் கண்ணுக்குத் தெரிந்ததை விட்டுவிட்டு மூன்றில் ஒரு தடவையளவில் அந்தப் பிழைக்கே ஒத்துப்போனார். விடையைச் சத்தமாகச் சொல்லாமல் தாளில் எழுதினால் ஒத்துப்போவது நன்றாகக் குறைந்தது. கோட்டுக்கே இப்படியென்றால், பிடிபடாத மணத்துக்கு என்ன சொல்வது? அதுவும் எங்கள் ஊரில், வயதில் மூத்தவர், விஷயம் தெரிந்தவர், நாங்கள் மதிக்கிறவர் சொன்ன பிறகு? எங்களுடையவர்கள் தாளில்தான் எழுதினார்கள், ஆனால் காதால் கேட்டுவிட்டு எழுதினார்கள்.

ஆகவே வைனைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை, ஒழுங்கை மட்டும் மாற்றுவது என்று முடிவெடுத்தேன். அதை எப்படிச் சொல்வது என்பதுதான் கஷ்டம். அண்ணனை வாயடைத்ததாக ஆகக் கூடாது. பக்கத்தில் போய்க் குனிந்து சொன்னேன்:

"அண்ணன், உங்கட மூக்குக்குப் பின்னால எங்கட எல்லார்ட மூக்கும் வருகுது. இனி மூண்டு கிளாஸுக்கும் நீங்க கடைசியாச் சொல்லுங்க. தீர்ப்பு உங்கட. அதுவரைக்கும் ஒருத்தரும் வாய் திறக்கப்படாது."

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு, "சரி மனே, நீங்க முதல்ல எழுதுங்க, நான் மறுகா சொல்றன்" என்றார். ஊர்க்கூட்டத்தில் பெரியவர் கடைசியில்தான் பேசுவார், அந்த வழக்கம் அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

இரண்டு மாற்றம் செய்தோம். எழுதி முடித்துத் தாளைக் கவிழ்த்து வைக்கும்வரை பேச்சும் தலையாட்டலும் இல்லை. அப்புறம், நான் தட்டை வைத்துவிட்டு உடனே உள்ளே போய்விட வேண்டும். எது எது என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான், என் முகத்தை அவர்கள் படிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

பேசாமல் சுவைத்த மூன்று

அந்த அரை மணித்தியாலம் மாமரத்தடி அமைதியாக இருந்தது. குசினி ஜன்னலால் கிளாஸ் வைக்கும் சத்தமும் தூரத்தில் பாலத்தால் போகும் வாகனச் சத்தமும்தான் கேட்டன. ஒவ்வொருவரும் தனியாகத் தங்கள் கிளாஸோடு இருந்தார்கள். அதுவரை எழுதியதைவிட இரண்டு மடங்கு எழுதினார்கள்.

கர்மனேரில் நாலு பேர் பச்சையான ஏதோ ஒன்றைக் கண்டுபிடித்தார்கள், ஆனால் நாலு விதமாக எழுதினார்கள்: கறிமிளகாய், முருங்கையிலை, "பச்சைத் தண்டு முறிச்ச மணம்", அவரைக்காய். நாலும் ஒன்றுதான், கறிமிளகாயில் இருக்கும் அதே வகை வேதிப்பொருள் இந்த வைனிலும் உண்டு. ஷிராஸில் மூன்று பேர் மிளகு என்று எழுதினார்கள். அதுவும் கற்பனை இல்லை, மிளகின் காரமான மணத்தைத் தரும் ரோட்டண்டோன்தான் ஷிராஸ் மிளகு மணத்துக்கும் காரணம் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்டார்கள். ஐந்தில் ஒருவரளவில் அதை மணக்கவே முடியாதவர்களாம். வீட்டுக்காரர் பிறகு மிளகுப் போத்தலையும் கிளாஸையும் மாறி மாறி மணந்து பார்த்தும் "எனக்கு வரல்ல" என்றார். முன்பிருந்த ஒழுங்கில் யாராவது "மிளகு" என்று சொல்லியிருந்தால் அவரும் மிளகு என்று எழுதியிருப்பார், தன் மூக்கைப் பற்றி அவருக்கு இது தெரிய வந்திருக்காது.

புள்ளிகளும் சிதறின. முதல் மூன்று கிளாஸில் ஒருவருக்கொருவர் ஒன்றிரண்டு புள்ளிதான் வித்தியாசம். இந்த மூன்றில் ஒரே கிளாஸுக்கு 3-உம் இருந்தது, 9-உம் இருந்தது.

தாளை விரித்தபோது

பெயர்களைச் சொல்வதற்கு முன்னால் சுவிஸ் நண்பரைக் குசினிக்குக் கூப்பிட்டேன். போத்தலையும் தக்கையையும் கையில் கொடுத்தேன். மணந்தார். ஒன்றும் பேசவில்லை. மறுபடி மணந்தார். "போயிட்டு மச்சான்" என்றார். அவர் அதைத் துணியில் சுற்றி, உடுப்புக்கு நடுவில் வைத்து, அவ்வளவு தூரம் கொண்டுவந்தவர். நான் சொல்லட்டுமா என்று கேட்டேன். "இல்ல, நானே சொல்றன்" என்று வெளியே வந்து, எல்லாருக்கும் தக்கையைக் கொடுத்து மணக்கச் சொன்னார். வீட்டுக்காரரின் அம்மா "நஞ்சு கிஞ்சு இல்லதானே மனே?" என்று கேட்டார். இல்லை என்று விளக்கினோம்.

தக்கை அண்ணனிடம் போனபோது எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மணந்துவிட்டு, "தக்கைச் சத்தம் கேட்டதும் பிரெஞ்சு வைன் எண்டு நினைச்சிட்டன். நினைச்ச பொறகு மூக்கு வேலை செய்யல்ல" என்றார். அந்த வாக்கியத்துக்காக அவர்மேல் எனக்கு மதிப்பு இன்னும் கூடியது. அவருடைய தாளை விரித்தோம்: ஐந்தாவதை, யாரும் பேசாத நேரத்தில், ஷிராஸ் என்று பெயரோடு எழுதியிருந்தார். அந்த மூக்கு உண்மையான மூக்கு.

கர்மனேர் இரண்டுக்கும் ஒரே புள்ளி போட்டவர்கள் ஏழில் இரண்டு பேர். சுவிஸ் நண்பர் நாலாவதுக்கு 5, ஆறாவதுக்கு 8. இதற்காக யாரும் வெட்கப்படத் தேவையில்லை. கலிபோர்னியா மாநில வைன் போட்டியில் நடுவர்களுக்கு ஒரே போத்தலிலிருந்து மூன்று தடவை தெரியாமல் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2008-இல் வந்தது. மூன்றையும் ஒரே தரத்துக்குள் வைத்தவர்கள் பத்தில் ஒருவரளவில்தான்.

எங்கள் மாலையில் அந்த இரண்டு பேரில் ஒருவர் தாதியார். 6, 6. ஆறாவதுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் "நாலாவது மாதிரி இரிக்கு" என்று இருந்தது. அவருடைய தாளை மேலிருந்து படித்தால்தான் விஷயம் தெரியும். இரண்டாவது கிளாஸில் வெட்டியிருந்த சொல் "கொய்யா", மேலே "தேசிக்காய்". சாவின்யோன் பிளாங்கில் கொய்யாவும் கொடித்தோடையும் மணப்பது அந்த வைனின் அடையாளம், வைன் படித்தவர்கள் முதலில் தேடுவதே அதைத்தான். மூன்றாவதில் வெட்டியிருந்தது "நனைந்த சாக்கு". நாலிலிருந்து ஆறுவரை ஒரு வெட்டும் இல்லை.

ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டேன். "அண்ணன் நல்லம் எண்டு சொன்ன பொறகு எனக்கென்ன தெரியும் எண்டு வெட்டிட்டன்" என்றார். அவர் வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையில் வயல் செய்யும் வீட்டில் வளர்ந்தவர். மாரியில் நெல்லுச் சாக்கைப் பரணில் ஏற்றுவதும் நனைந்ததை மணந்து பிரித்து வைப்பதும் சின்ன வயதில் அவருடைய வேலை. அந்த மூக்கைவிடப் பழகிய மூக்கு அன்று அந்த முற்றத்தில் இருக்கவில்லை, ஆனால் அவர் தனக்குத் தெரிந்தது வைன் இல்லையே என்று நினைத்துவிட்டார்.

அன்றிரவு நான் ஏழு தாளையும் எடுத்துக்கொண்டு வந்து எண்ணினேன். முதல் மூன்று கிளாஸில் மொத்தம் பதினொரு வெட்டு. பின் மூன்றில் இரண்டு.

பிறகு: தயிர்ச் சட்டிகள்

இரண்டு வாரம் கழித்து இதே ஒழுங்கை எருமைத் தயிரில் செய்து பார்த்தோம். இதற்குக் காத்தான்குடி நண்பரும் வந்தார், வீட்டுக்காரரின் அம்மாவும் உட்கார்ந்தார். ஒன்பது பேர். படுவான்கரையிலிருந்து வந்த இரண்டு சட்டி, இரண்டு வேறு பட்டி. மூன்று கிண்ணம் கொடுப்போம், இரண்டில் ஒரே தயிர், ஒன்றில் மற்றது, எது தனி என்று கண்டுபிடிக்க வேண்டும். முக்கோணச் சோதனை என்று உணவு ஆய்வுக்கூடங்களில் செய்வது இதைத்தான். ஒன்றும் தெரியாமல் குருட்டாம்போக்கில் சொன்னால் ஒன்பதில் மூன்று பேரளவில் சரியாக வரும்.

கிண்ணம் வைக்கும் வரிசையை ஆளுக்கு ஆள் மாற்றினோம், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதிப் பயன் இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்தது. ஆறு பேர் சரி. காத்தான்குடி நண்பர் "இது உறை கூடப் போட்டது, ஒரு நாள் பழசு" என்று காரணத்தோடு எழுதியிருந்தார், அது உண்மை. அம்மா எழுதவில்லை, கிண்ணத்தைச் சரித்து, தயிர் வெட்டுப்படும் விதத்தைப் பார்த்து, ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி காதில் சொன்னார். சரி. அண்ணன் பிழை. சிரித்துக்கொண்டே பாணியை ஊற்றிச் சாப்பிட்டார். அன்று கடைசியில் பேசும்படி யாரும் அவரைக் கேட்க வேண்டியிருக்கவில்லை, தானாகவே பேசாமல் இருந்தார்.

அடுத்த தடவை மாற்றப்போவது

எல்லாப் போத்தலையும் ஆட்கள் வருவதற்கு முன்பே, சமையல் மணம் இல்லாத இடத்தில் திறந்து, நானோ தெரிந்த ஒருவரோ மணந்து பார்க்க வேண்டும். நான் இதைச் செய்திருந்தால் பழுதான போத்தல் மேசைக்கே வந்திருக்காது. சத்தப் பிரச்சினையும் இதோடு தீர்ந்துவிடும்.

ஊற்றுபவர் ஒருவர், கொண்டுபோய் வைப்பவர் வேறொருவர், வைப்பவருக்கு எது எது என்று தெரியக் கூடாது. சிவப்பு வைனை எங்கள் காலநிலையில் ஐஸில் இறக்காமல் வெளியே எடுப்பதில்லை.

ஒரு சுற்று முடிந்ததும் முடிவைச் சொல்லிவிட்டு அடுத்த சுற்றுக்குப் போவதும் கூடாது. 1976 மே 24-இல் பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் நடத்திய புகழ்பெற்ற சுவைப்பில் பிரெஞ்சு வைனைக் கலிபோர்னியா வைன் வென்றது எல்லாருக்கும் தெரியும். அதில் வெள்ளை வைனின் முடிவைச் சிவப்பு தொடங்குவதற்கு முன்பே அறிவித்துவிட்டார்கள் என்பது அவ்வளவாகத் தெரியாது. பிரெஞ்சு நடுவர்கள் அதற்குப் பிறகு கிளாஸில் எதைத் தேடியிருப்பார்கள் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது.

மூத்தவர் கடைசியில் பேசுவார் என்பதை முதல் கிளாஸுக்கு முன்பே, எல்லாருக்கும் கேட்கச் சொல்லி வைக்க வேண்டும். நடுவில் சொன்னதால் அண்ணனுக்கு ஒரு கணம் மனம் நொந்தது, அதை நான் அவர் முகத்தில் பார்த்தேன்.

எழுதுவதற்குப் பேனைதான் கொடுப்பேன். அன்று பென்சிலும் அழிறப்பரும்தான் வாங்கி வைத்திருந்தேன், வீட்டுக்காரரின் மகள் அவற்றைப் பள்ளிக்கூடப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டதால், கடைசி நிமிடத்தில் சந்திக் கடையில் ஏழு பேனை வாங்கினோம். பென்சிலாக இருந்திருந்தால் "நனைந்த சாக்கு" அழிந்து போயிருக்கும்.